நெஞ்சுக்குழி

1924-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் இரவு, புனே நகரின் சசூன் மருத்துவமனையில் ஒரு கைதிக்கு அறுவை மருத்துவம் நடந்தது. எரவாடாச் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டவர். அகவை 54. ஆறாண்டுத் தண்டனையில் இரண்டாண்டுகூட நிறைவுறவில்லை. நோய், குடல்வால் அழற்சி. கைதியின் பெயர் மோகன்தாசு கரம்சந்த் காந்தி.

அவர் நம்பிய மருத்துவர்கள் பம்பாயிலும் பரோடாவிலும் இருந்தனர். அவர்கள் வந்துசேரும்வரை குடல்வால் பொறுத்திருக்காது என்று கண்ட அறுவை மருத்துவர் கர்னல் மேடாக், அன்றிரவே அறுத்தாக வேண்டும் என்றார். ஆங்கிலேயரின் சிறையில் இருப்பவர் நோயாளி. கத்தியை எடுப்பவரும் ஆங்கிலேயர். ஏதேனும் நேர்ந்துவிட்டால் நாடு கொந்தளிக்கும். நடுநின்று சான்று சொல்லத் தக்க ஒருவர் வேண்டியிருந்தது. அந்நாளில் புனேயை இருப்பிடமாகக் கொண்ட இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர், நம் வலங்கைமான் சீனிவாச சாத்திரியார். அவர் அழைக்கப்பட்டார். மருத்துவரிடம் தமக்கு முழு நம்பிக்கை உண்டு, என்ன நேரினும் அதைக் கொண்டு அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி எழலாகாது என்னும் பொருள்பட இசைவு மடலைச் சாத்திரியார் எழுத, காந்தியடிகள் நடுங்கும் விரல்களால் ஒப்பமிட்டார். அறுவையின் நடுவே மின்விளக்கு அணைந்தது. செவிலி பிடித்திருந்த கைவிளக்கும் அணைந்தது. எஞ்சிய பணி அரிக்கேன் விளக்கொளியில் முடிந்தது. பிப்பிரவரி 5-ஆம் நாள் அரசு அவரை விடுவித்தது. அந்த அறையை இன்றும் நினைவிடமாகப் பேணி வருகிறார்கள்.

அரிக்கேன் விளக்கைப் பற்றியே எல்லாரும் வியந்து பேசுவர். எனக்கு அதனினும் பெரிய வியப்பு, நோயைக் கண்டறிந்தது. மூடிய வயிற்றுக்குள் நோக்க அன்று மீயொலிக் கருவி இல்லை. குறுக்குவெட்டுப் படம் காட்டும் ஊடுகதிர்ப் பொறியும் இல்லை. மருத்துவர்க்கு வாய்த்தவை பெரும்பாலும் கையும் வெப்பமானியும் பொறுமையாகக் கேட்ட கேள்விகளும்தாம். வயிற்றுவலியோ எளிதில் பிடிபடாதது. இருக்கும் இடம் ஒன்று, காட்டும் இடம் வேறொன்று.

குடல்வால் நோயையே எடுத்துக்கொள்வோம். அவ்வுறுப்பு இருப்பது வலது அடிவயிற்றில். ஆனால் அழற்சி தொடங்கும்போது பெரும்பாலோர்க்கு முதலில் வலிப்பது தொப்புளைச் சுற்றி. சில மணி நேரம் சென்ற பின்னரே வலி வலப்பக்கம் இறங்கி ஓரிடத்தில் ஊன்றுகிறது. நோய் நகரவில்லை, வலி நகர்ந்தது. இந்த நகர்வின் காரணத்தை உணர்ந்தவர்க்கு, வயிற்று நோய் ஒன்று மாரடைப்பின் கோலம் பூண்டு வருவதும், மாரடைப்பு வயிற்றுவலியாய்த் தோன்றுவதும் ஏன் என்பது பாதி விளங்கிவிடும்.

கால் விரலில் முள் தைத்தால் கண்ணை மூடிக்கொண்டே இடத்தைத் தொட்டுக் காட்டுகிறோம். தோலின் ஒவ்வோர் இடத்துக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. உள்ளுறுப்புகளுக்கு அத்தகைய பட்டா எழுதப்படவில்லை. அவற்றிலிருந்து புறப்படும் வலிநரம்புகள் சிலவே. அவையும் பரந்து பல கணுக்களில் தண்டுவடத்தைச் சென்று சேர்கின்றன. கருவில் அவ்வுறுப்பு உருவான காலத்தில் எந்தக் கணுவோடு உறவு பூண்டதோ, அதனோடுதான் இன்றளவும் பேசுகிறது. குடல்வாலின் செய்தி நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் பத்தாம் கணுவில் நுழைகிறது. தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் செய்தியும் அங்கேதான் நுழைகிறது. ஒரே வாயிலில் இரண்டு வீட்டாரின் குரல் கேட்கும்போது, மூளை தனக்கு நன்கு பழகிய வீட்டின் பெயரைச் சொல்லிவிடுகிறது. தோல் பழகிய வீடு; குடல் பழகாத வீடு. பின்னர் அழற்சி பெருகி, வயிற்றுச் சுவரின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மென்படலத்தைத் தொடும்போதுதான் இடம் தெளிவாகிறது. அப்படலத்துக்குத் தோலைப் போன்றே கூரிய நரம்புகள் உண்டு.

இவ்வுறவுகளை முறையாக வரைந்தவர்களுள் முதன்மையானவர் இலண்டன் மருத்துவர் என்றி எட். உள்ளுறுப்பு நோய்களில் தோலின் எந்தப் பட்டை வலிக்கிறது, தொட்டால் கூசுகிறது என்று நோயாளிதோறும் குறித்து 1893-இல் வெளியிட்டார். உணர்வு திரும்பும் முறையை அறியத் தம் கைநரம்பையே 1903-இல் வெட்டச் செய்து, அது மீண்டு வளர்ந்த காலமெல்லாம் தம்மையே ஆய்ந்தவர் அவர்.

அவர் வரைந்த வழியே மேலே செல்வோம். இதயத்தின் வலிச்செய்தி நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் முதல் நான்கைந்து கணுக்களில் நுழைகிறது. இரைப்பை, பித்தப்பை, கணையம் ஆகியவற்றின் செய்தி ஐந்தாம் கணுவையொட்டித் தொடங்கி ஒன்பதாம் கணுவரை நுழைகிறது. உணவுக்குழல் இரண்டுக்கும் இடையே ஓடி இருபுறமும் உறவு கொண்டாடுகிறது. எல்லை என்று கோடு கிழிக்க இயலாதபடி இவை ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. இது போதாதென்று, நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே விரிந்துள்ள தசைத்திரையாகிய உதரவிதானத்தின்மேல்தான் இதயம் தன் அடிப்பக்கத்தை வைத்து அமர்ந்திருக்கிறது. திரைக்கு மேலே இதயம், கீழே கல்லீரலும் இரைப்பையும். இடையில் இருப்பது மெல்லிய தசைத்தகடு. அத்திரையின் நரம்போ கழுத்திலிருந்து இறங்கி வருவது. ஆகவே திரையின் அடியில் குருதியோ பித்தமோ காற்றோ தேங்கினால் தோள்முனை வலிக்கிறது. தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தவரின் வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்திருந்ததும், கருப்பைக்கு வெளியே தங்கிய கரு வெடித்திருந்ததும் மருத்துவர் அறிந்த செய்திகளே.

நம் மொழி இதை எப்போதோ கண்டுவிட்டது என்று எண்ணத் தோன்றுகிறது. நெஞ்சு என்றால் மார்பு, இதயமும் அதுவே, மனமும் அதுவே. இரைப்பைக் காடி மேலேறி உணவுக்குழலைச் சுடுவதை நெஞ்செரிச்சல் என்கிறோம். விலா எலும்புகள் பிரியும் இடத்துப் பள்ளம் வயிற்றைச் சேர்ந்தது. அதன் பெயரோ நெஞ்சுக்குழி. இதயத் தமனி அடைபடுவது மாரடைப்பு. கிரேக்கரும் இதயத்தையும் இரைப்பையின் மேல்வாயையும் ஒரே சொல்லால் அழைத்தனர். புனேயின் மராத்தியரோ நெஞ்சில் எரிந்தாலும் தலை வலித்தாலும் பித்தம் என்று சொல்லி அமைகின்றனர். நமக்கு வாய்த்த அத்தகைய சொல் ‘வாயு’. இந்தச் சொல்லின்மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. உயிருக்கே அறைகூவல் விடுத்து வந்த வலியை அது ஓர் ஏப்பத்தில் அடக்கிவிடுகிறது.

ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். புனேயின் கடகியில் குடியேறி முப்பதாண்டு ஆன தமிழ்க் குடும்பம். தலைவருக்கு அகவை 58, நீரிழிவு உண்டு, முழங்கால் வலியும் உண்டு. இரவு பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து நெஞ்சுக்குழியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். நெற்றி வியர்க்கிறது.

“என்னங்க, சாயங்காலம் சாப்பிட்ட மிசலா? வாயுவாத்தான் இருக்கும். ஓமத்தண்ணி வெச்சுத் தரேன்.”

“இல்லம்மா. இது வேற மாதிரி இருக்கு.”

“அப்பா, வண்டி எடுக்கட்டுமா?” என்கிறான் மகன். மாமியாரோ, பெருங்காயத்தை மோரில் கரைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்.

‘இது வேற மாதிரி இருக்கு’ என்று அவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பல்லாண்டு வாயுத்தொல்லை கண்டவருக்குத் தம் வாயு எப்படியிருக்கும் என்பது தெரியும். வியர்வையோடு வந்த புது வலி, கீழ்த்தாடைக்கும் தொப்புளுக்கும் இடையில் எங்கே இருப்பினும், இதய வலியன்று என்று மெய்ப்பிக்கப்படும்வரை இதய வலியே. அந்த மெய்ப்பிப்பு அடுக்களையில் நடவாது. வண்டியை மகன் ஓட்டுவதைவிட 108 மருத்துவ ஊர்தியை அழைப்பது நன்று. வழியில் இதயம் தாளம் தப்பினால் அதைத் திருத்தும் கருவியும் கையும் அவ்வூர்தியில் இருக்கும்.

இவ்வாறு சொல்வதற்கு வரலாறு இருக்கிறது. 1912-க்கு முன் திடீரென இறந்த எத்தனையோ பேரின் இறப்புக் குறிப்பில் ‘கடுஞ்செரியாமை’ என்று எழுதப்பட்டது. அவ்வாண்டில்தான் சிகாகோ மருத்துவர் சேம்சு எரிக், இதயத் தமனி அடைபட்டும் மனிதர் சில காலம் உயிரோடிருக்கக்கூடும் என்பதையும், அந்நோயை உயிருள்ளபோதே அறியலாம் என்பதையும் எழுதினார். அவர் எடுத்துக்காட்டிய 55 அகவை நோயாளிக்கு வலி வந்தது உணவுக்குப் பின் ஒரு மணி நேரத்தில், கூடவே குமட்டல். உண்டது ஒவ்வவில்லை என்றே நோயாளி நினைத்தார். 1955 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கும் அதுவே நடந்தது. நண்பகலில் வெங்காயம் வைத்த இறைச்சி உணவு. மாலையில் வயிற்றுத் தொல்லை. நள்ளிரவு கடந்து நெஞ்சுவலி. காலையில் நாட்டுக்குச் சொல்லப்பட்ட செய்தி, செரிமானக் கோளாறு. அன்று நண்பகலுக்குப் பின் எடுத்த மின்வரைபடம் மாரடைப்பு என்றது.

இதயத்தின் அடிச்சுவரில் அடைப்பு நேர்ந்தால் இந்த மயக்கம் மிகுகிறது. தசைத்திரைமேல் அமர்ந்த பகுதி அது. அலையும் நரம்பு எனப்படும் வேகசு நரம்பின் கிளைகள் அங்கே மிகுதி. அவை தூண்டப்பட்டால் குமட்டலும் வாந்தியும் வருகின்றன; நாடி தளர்கிறது; சிலருக்கு விக்கல்கூட வருகிறது. நீரிழிவு நெடுநாள் நீடித்தவர்க்கு வலிநரம்புகளே மங்கியிருப்பதால், வலியின்றி வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் தோன்றலாம். பெண்களிடமும் முதியோரிடமும் நோய் இவ்வாறு முகம் மாற்றி வருவது மிகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணைநின்று நடத்தி 2023-இல் வெளிவந்த ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. வயிற்றுவலி என்று வருபவருக்கு நெஞ்சில் மின்முனை ஒட்டத் தயங்கும் மருத்துவர் இந்த எண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும்.

புனே இதய நோயின் துயரையும் அறிந்த ஊர். காந்தியடிகளின் செயலர் மகாதேவ தேசாய், 1942 ஆகத்து 9-ஆம் நாள் பிடிபட்டு ஆகாகான் மாளிகையில் அடைக்கப்பட்டார். ஆறாம் நாள், 15-ஆம் தேதி, மாரடைப்பால் இறந்தார். அகவை 50. கத்தூரிபா அம்மையார் நெஞ்சு நோயால் நலிந்து 1944 பிப்பிரவரி 22-இல் அதே மாளிகையில் இறந்தார். இருவர் நினைவிடங்களும் அம்மாளிகையின் வளாகத்தில் அருகருகே உள்ளன. குடல்வாலை அறுத்து உயிர்காத்த மருத்துவமனையும் அதே ஊரில்தான் இருந்தது. ஆனால் அடைபட்ட இதயத் தமனியைத் திறக்கும் வழி அன்று உலகில் எங்கும் இல்லை.

இன்று இருக்கிறது. அதனால்தான் வயிற்று நோயை மாரடைப்பு என்று கொள்ளும் எதிர்ப்பக்கத்துப் பிழையும் இன்று கொடியதாகிவிட்டது.

மக்கள் இ.சி.ஜி. என்று சொல்லிப் பழகிய மின்வரைபடத்தைச் செம்மையாக்கித் தந்தவர் நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன். அவருடைய முதற்கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி உப்புநீர்த் தொட்டிகளில் கைகளையும் காலையும் நனைத்து உட்கார வேண்டும். அப்பணிக்காக அவர் நோபல் பரிசு பெற்றது, சசூனில் அரிக்கேன் விளக்கு எரிந்த அதே 1924-இல். இப்போது பத்து ஒட்டுமுனைகளும் ஒரு கைப்பெட்டியும் போதும். நெஞ்சுவலி என்று வருபவர் வாயிலில் நுழைந்த பத்து மணித்துளிக்குள் இவ்வரைபடம் எடுக்கப்பட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. அதில் குறிப்பிட்ட கோடுகள் உயர்ந்திருந்தால், குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தோ குழல்வழித் திறப்போ விரைந்து தொடங்கும். விரைவு நல்லது, ஒவ்வொரு மணித்துளிக்கும் இதயத்தசை அழிகிறது. நான் அஞ்சுவது, கோடு உயர்ந்ததைக் கண்டவுடன் வயிற்றில் கைவைக்க மறப்பதை.

ஏனெனில் அக்கோடு இதயத்துக்கு வெளியிலிருந்தும் உயரக்கூடும். பித்தப்பைக் கல் வாயை அடைத்துப் பை புடைக்கும்போது, அலையும் நரம்பின் வழியே மறிவினை ஒன்று இதயத்தைத் தாக்கி, நாடியைத் தளர்த்தி, வரைபடத்தையும் மாற்றுகிறது. பித்தப்பையை எடுத்தபின் வரைபடம் பழைய நிலைக்குத் திரும்பிய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் பலமுறை எழுதியுள்ளன. சிகாகோவின் அறுவை மருத்துவர் சான் மர்பி இதற்கொரு தேர்வு சொல்லிக்கொடுத்தார். வலது விலாவின் கீழே விரல்களை மெல்ல அழுத்தி வைத்துக்கொண்டு மூச்சை இழுக்கச் சொல்ல வேண்டும். தசைத்திரை கீழிறங்கும்; கல்லீரல் இறங்கும்; அதனடியில் தொங்கும் பித்தப்பை விரலில் வந்து மோதும். வீங்கிய பை மோதியதும் நோயாளியின் மூச்சு பாதியில் நின்றுவிடும். முகம் சுளிப்பதற்கு முன்பே மூச்சு நிற்கும். ஒருமுறை இதை விரலடியில் உணர்ந்த மருத்துவ மாணவர் மறப்பதில்லை.

ஆனால் உடற்பருமன், நீரிழிவு, முதுமை ஆகிய மூன்றும் பித்தக்கல்லுக்கும் உறவு, மாரடைப்புக்கும் உறவு. கல் இருக்கிறது என்பதாலேயே வலி கல்லின் வலி ஆகிவிடாது. இரண்டும் ஒருவர் உடம்பில் ஒரே இரவில் எழுந்ததும் உண்டு. மருத்துவத்தில் இதைவிட இடர்மிக்க இடம் அரிது.

கணைய அழற்சி வேறொரு வகை. தன் நொதிகளால் தானே செரிக்கப்படும் உறுப்பின் வலி அது. நெஞ்சுக்குழியில் தொடங்கி முதுகைத் துளைக்கும். முன்னே குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். பித்தக்கல்லும் மதுவும் அதன் முதற்காரணங்கள். உடலெங்கும் பரவும் அழற்சியும், குருதியின் உப்புகள் குலைவதும் சேர்ந்து மின்வரைபடத்தை மாரடைப்புபோலவே வரையச் செய்யும். குருதியில் லிப்பேசு நொதி இயல்பின் மேல்வரம்பைப்போல் மும்மடங்குக்கு மேல் ஏறியிருப்பது அதைக் காட்டிக்கொடுக்கும்.

உணவுக்குழல் கிழிவதை முதலில் எழுதியவர் இலைடன் நகரின் எர்மான் பூராவே. விருந்துண்டு, பின் வாந்தி வருவிக்கும் மருந்தும் உண்ட கடற்படைத் தலைவர் ஒருவர் 1723-இல் தாங்கொணா நெஞ்சுவலியோடு இறந்தார். உடலைத் திறந்தபோது அவர் உண்ட வாத்திறைச்சியின் மணம் எழுந்தது. உண்டது நெஞ்சறைக்குள் கிடந்தது. கடுமையாக வாந்தி எடுத்தபின் நெஞ்சுவலி வந்ததா, வலி வந்தபின் வாந்தி வந்ததா என்ற முறைமாற்றம் ஒன்றே இன்றும் சில உயிர்களைக் காக்கிறது. கழுத்துத் தோலை அழுத்தும்போது நறநறவென்று காற்று நெருடினால் ஐயமே இல்லை.

பெருந்தமனி வயிற்றில் புடைத்து வெடிப்பது பெரும்பாலும் புகைபிடித்த முதிய ஆண்களுக்கு. ஐன்சுடைனின் உயிரை 1955 ஏப்பிரலில் கொண்டுபோனது அதுவே. பித்தப்பை வலிபோல வந்த அதன் தோற்றத்துக்கு மருத்துவர்கள் அவர் பெயரையே இட்டிருக்கிறார்கள். குடலுக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி அடைபடுவது இன்னும் வஞ்சகமானது. தாளம் தப்பிய இதயத்தில் உறைந்த கட்டி அங்கே போய்ச் சிக்குகிறது. நோயாளி அலறுகிறார், வயிறோ தொட்டால் மெத்தென்றிருக்கிறது. அலறலுக்கும் மென்மைக்கும் உள்ள அந்தப் பொருத்தமின்மையே நோயின் பெயரைச் சொல்கிறது. சில மணி நேரத்தில் குடல் கருகிவிடும்.

இவை எல்லாவற்றிலும் நம்மூர்களில் நான் மிகுதியும் அஞ்சுவது இரைப்பைப் புண் துளைத்துக்கொள்வதை. முழங்கால் வலிக்கு, முதுகு வலிக்கு, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகள் இரைப்பையின் காப்புப் படலத்தை அரிக்கின்றன. அரிப்பு ஒருநாள் துளையாகிறது. காடி வயிற்றறைக்குள் கொட்டுகிறது. கத்தியால் குத்தியதுபோல் என்று நோயாளிகள் சொல்லும் அந்தக் கணத்தை, நேரம் பிசகாமல் பல ஆண்டு கழித்தும் சொல்வார்கள். வியர்வை, விரைந்த நாடி, வெளிறிய முகம், நெஞ்சுக்குழி வலி, தோளில் வலி எல்லாம் மாரடைப்பின் இலக்கணமே. ஒன்று மட்டும் வேறு. வயிற்றுத் தசைகள் பலகைபோல் இறுகிவிடும். நோயாளி அசையாமல் கிடப்பார். கட்டில் ஆடினாலும் வலிக்கும் என்று மூச்சையும் அளந்து விடுவார். சில மணி நேரத்துக்குப் பின் வலி தணிந்ததுபோல் தோன்றும் காலம் ஒன்று வருகிறது. அது நலம் அன்று. காடியை நீர் கலந்து தணித்திருக்கிறது; அழற்சி அடியில் பெருகிக்கொண்டிருக்கிறது.

இத்தகையவருக்குக் கட்டி கரைக்கும் மருந்தைச் செலுத்தினால் என்னாகும்? புண்ணின் அடியில் குருதிநாளம் இருக்கிறது; அதைக் காத்து நிற்கும் உறைவு கரையும்; குருதி பெருகும். அறுத்துத் துளையை மூடலாம் என்றால், வெட்டிய இடமெல்லாம் குருதி நிற்காது. அடைப்புக்கென்று கொடுக்கும் மாத்திரைகள் குருதித்தட்டுகளின் ஒட்டும் திறனை 5 முதல் 7 நாள்வரை கெடுத்துவைக்கின்றன. பெருந்தமனிச் சுவர் கிழிந்தவருக்கும் இதே இடர். எதிர்ப்புறத்தில், மாரடைப்புற்றவரை வயிற்று நோயாளி என்று மயங்கி மயக்கமருந்து கொடுத்து வயிற்றைத் திறப்பதும் உயிர்க்கேடே. இரு பக்கமும் பள்ளம். நடுவே ஒற்றையடிப் பாதை.

வழி காட்டும் விளக்குகள் உள. இதயத்தசையின் புரதமாகிய டிரோபோனின், தசை சிதைந்தால் சில மணி நேரத்தில் குருதியில் ஏறுகிறது. தசை சுருங்கும் விதத்தை ஆய்ந்த சப்பானியர் செத்சுரோ எபாசி 1960-களில் கண்ட புரதம் அது. ஒருமுறை அளந்து விட்டுவிடாமல் இடைவெளி விட்டு மறுமுறை அளப்பது அதன் உயிர்நாடி. ஏறுகிறதா, நிற்கிறதா என்பதுதான் செய்தி. குருதி நஞ்சேறினாலும், சிறுநீரகம் பழுதுற்றாலும், கணையம் அழன்றாலும் அது சிறிது ஏறும் என்பதை மறக்கலாகாது. கட்டிலருகே கொண்டுவரும் மீயொலிக் கருவி இரண்டு மூன்று மணித்துளியில் இதயச்சுவர் அசைவதையும், பித்தக்கல்லையும், பெருந்தமனியின் அகலத்தையும், வயிற்றில் தேங்கிய நீர்மத்தையும் காட்டிவிடும். நாவின்கீழ் வைக்கும் நைட்ரேட்டு மாத்திரையால் வலி தணிந்தது, எனவே இதயமே என்று முடிவு கட்டுவதும், காடி தணிக்கும் பாகு குடித்ததும் வலி தணிந்தது, எனவே வயிறே என்று முடிவு கட்டுவதும் பழைய பிழைகள். அம்மாத்திரை உணவுக்குழலின் இறுக்கத்தையும் தளர்த்தும். இதயத்தின் வலப்புறம் தாக்குண்ட அடிச்சுவர் மாரடைப்பிலோ, அதுவே குருதியழுத்தத்தைப் பாதாளத்துக்குத் தள்ளும். அடிச்சுவரில் ஐயமெழுந்தால் ஒட்டுமுனைகளை வலப்பக்கம் மாற்றி ஒட்டி இன்னொரு வரைபடம் எடுப்பது இதற்காகவே.

கடகிக் குடும்பத்துக்குத் திரும்புவோம். ஊர்தி வந்து அவரை ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டது. மின்வரைபடத்தில் கோடுகள் இயல்பாக இல்லை, தெளிவாகவும் இல்லை. இரவுப் பணியில் இருக்கும் இளம்பெண் மருத்துவர் தாளை இருமுறை பார்க்கிறார். இதயப் பிரிவுக்குச் செய்தி போகிறது. கட்டி கரைக்கும் மருந்தின் பெட்டி மேசைக்கு வருகிறது. அதற்கிடையில் அவர் நோயாளியின் சட்டையை விலக்கி, குளிர்ந்திருந்த தம் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வலிக்காத ஓரத்திலிருந்து வயிற்றைத் தொடத் தொடங்குகிறார். விரல் எங்கும் அமிழவில்லை.

“அம்மா, இவர் வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?” மராத்தியில் கேட்ட கேள்வியை மகன் தாய்க்குத் தமிழில் சொல்கிறான்.

“சக்கரை மாத்திரைதான்...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொள்கிறார். கைப்பையைத் துழாவி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டுகிறார். “முட்டிக்கு. ஒரு மாசமாக் காலையிலும் ராத்திரியும்.” பத்துக் குழிகளில் எட்டு வெறுமை.

அவரை மெல்ல நிமிர்த்தி உட்காரவைத்து நெஞ்சை ஊடுகதிர்ப் படம் எடுக்கிறார்கள். துளைத்த இரைப்பையிலிருந்து வெளியேறிய காற்று மேலெழுந்து தசைத்திரையின் அடியில் தங்குகிறது. பெரும்பாலோரின் படத்தில் அது தெரியும், எல்லார் படத்திலும் தெரியாது. இவர் படத்தில் தெரிகிறது. வலப்பக்கம், கல்லீரலின் வெண்மைக்கும் திரையின் மெல்லிய கோட்டுக்கும் நடுவே, மூன்றாம் பிறையின் வடிவில் ஒரு கருமை. மருத்துவர் தொலைபேசியை எடுத்து அறுவைப் பிரிவை அழைக்கிறார். டிரோபோனினுக்கான குருதியும் ஆய்வகத்துக்குப் போகிறது; இரண்டாம் மின்வரைபடத்துக்கு ஒட்டுமுனைகள் நெஞ்சிலேயே இருக்கின்றன. கட்டி கரைக்கும் மருந்தின் பெட்டி மேசைமேல் பிரிக்கப்படாமல் இருக்கிறது.